நாற்பத்தெட்டு மணி நேரத்தை யார் வகுப்பது?



நமது மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது நான் முதலில் தயங்கினேன். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பல நாளாக மனசில் கிடக்கிறது, அதைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "தாராளமா எழுதுப்பா" என்றார்கள்.

அது என் அப்பா கேட்ட கேள்வி. 2023 ஏப்ரல் மாதம், நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த நேரம். அப்பா தண்டலம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர். கையெழுத்து போடுவார்; படிக்கத் தெரியாது. அன்று டீக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, தினசரிப் பேப்பரை மடித்துக் கையில் கொண்டு வந்தார்.

"இன்னாடா இது, பன்னண்டு மணி நேரம் வேலைன்னு சட்டம் போட்டுட்டாங்களாமே! எட்டு மணி நேரம்னு ஒண்ணு இருந்துதே, அதை யார் போட்டது? யார் வேணும்னாலும் மாத்திடலாமா? நீதான் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு."

பார்த்தேன், படித்தேன், புரியவில்லை. "தெரியலப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அன்றைக்குத் தெரியாத பதிலைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

அரசாங்கம் மில்லுக்குள் நுழைந்த கதை

நண்பர்களே! ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் உள்ள பேச்சு. அரசாங்கத்துக்கு அதில் என்ன வேலை? இப்படித்தான் ஒரு காலத்தில் உலகமே நினைத்தது.

நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ல் வந்தது. அது பெரியவர்களின் வேலை நேரத்தைத் தொடவே இல்லை. 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது, 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. 7 வயதுக் குழந்தைக்கு 9 மணி நேரம்! 1891ல் பெண்களுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு வந்தது. வயது வந்த ஆண்களுக்கு 1911ல்தான், அதுவும் நூல், துணி ஆலைகளில் மட்டும், 12 மணி நேரம் என்று வரம்பு கட்டினார்கள்.

ஆங்கிலேய அரசுக்கு நம் மீது இத்தனை கருணையா என்று தோன்றும். கருணை கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பம்பாய் மில்களில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வேலை வாங்கினால் துணி மலிவாக விற்கும்; இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களின் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே அங்கே உள்ள முதலாளிகளே இங்கே சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் கட்டுப்பாடு, பக்கத்து ஊரில் இல்லை என்றால் சரக்கும் முதலும் கட்டுப்பாடு இல்லாத ஊரைப் பார்த்து ஓடும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஓட்டம் திரும்பத் திரும்ப வரும்.

பெரம்பூரில் நடந்தது

இனி நம் சென்னைக்கு வருவோம். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு மில்கள். இரண்டையும் சேர்த்து பி அண்ட் சி மில் என்பார்கள். நடத்தியது பின்னி கம்பெனி. நண்பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அதற்குள் வெளியே வந்து, கை கழுவி, தின்று, திரும்ப ஓட வேண்டும். தொழிலாளிகளின் குறைகளை எடுத்துக்கொண்டு செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க. உடன் நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். மாணவர்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

ஆனால் அப்போது சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள் என்று பின்னி கம்பெனி வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. 'ஒப்பந்தம்' என்ற ஒரு சொல்தான் அங்கே ஆயுதம். இதன் பிறகுதான் 1921ல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது 1926ல் தொழிற்சங்கச் சட்டமாக வந்தது.

2024 செப்டம்பரில் நம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் பெரிய கேள்வி சங்கத்தைப் பதிவு செய்வது பற்றியதுதான். அந்தப் பதிவைக் கேட்டது இந்த 1926 சட்டத்தின்படியே. பெரம்பூரில் விதைத்தது நம் பஸ் ரூட்டில் முளைத்ததைப் பார்த்தீர்களா!

அதே காலத்தில் அமெரிக்காவில்

அமெரிக்கா என்றால் அன்றே எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அங்கேயும் அதே 'ஒப்பந்தம்'தான் குறுக்கே நின்றது.

நியூயார்க் மாநிலம், ரொட்டிக் கடைத் தொழிலாளிக்கு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 1905ல் லாக்னர் என்ற ரொட்டிக் கடைக்காரர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 5 நீதிபதிகள் அந்தப் பக்கம், 4 பேர் இந்தப் பக்கம். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உழைக்க ஒப்புக்கொள்வது தொழிலாளியின் 'சுதந்திரம்' என்பது தீர்ப்பின் சாரம். பட்டினி கிடப்பவனுக்கு இது என்ன சுதந்திரம் என்று கேட்கத் தோன்றுகிறது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள், நம் வயதுக்காரர்கள். அந்தத் தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர்களில் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்ணும் ஒருவர். அதன் பின் நியூயார்க் மாநிலம் விசாரணைக் குழு வைத்துத் தொழிற்சாலைச் சட்டங்களை இறுக்கியது.

ஆனால் ஒரு மாநிலம் மட்டும் இறுக்கினால் போதுமா? வடக்கே சட்டம் வந்தால் தெற்கே மில் பெருகியது. வட கரோலினா மாநிலத்துப் பஞ்சு மில்களில் சிறுவர்கள் வேலை செய்தார்கள். ஆகவே சீர்திருத்தக்காரர்கள் வாஷிங்டனுக்குப் போனார்கள். மத்திய அரசுக்குத் தொழிற்சாலை மீது நேரடி அதிகாரம் இல்லை. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் வியாபாரத்தின் மீது அதிகாரம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் செய்த சரக்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று 1916ல் சட்டம் போட்டார்கள். அதே ஆண்டில் ரயில்வேத் தொழிலாளிக்கு 8 மணி நேரத்தையும் மத்திய அரசே சட்டமாக்கியது.

ரயில் சட்டம் நின்றது. குழந்தைச் சட்டம் நிற்கவில்லை. வட கரோலினாவில் மில் வேலை பார்த்த இரண்டு சிறுவர்களின் தகப்பனார் டேகன்ஹார்ட் பெயரில் வழக்கு நடந்தது. 1918ல் உச்ச நீதிமன்றம், உற்பத்தி என்பது அந்தந்த மாநிலத்தின் விஷயம், மத்திய அரசு அதில் கை வைக்க முடியாது என்று கூறிவிட்டது. இங்கேயும் 5க்கு 4தான். பெரம்பூரில் சங்கம் பிறந்த அதே 1918!

பிறகு 20 ஆண்டு காத்திருந்தார்கள். தீயைப் பார்த்த அந்தப் பெர்க்கின்ஸ் 1933ல் மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1938ல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. வார வேலை நேரம் படிப்படியாக 40 மணிக்கு இறங்கியது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்குக் கூலி. 1941ல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தள்ளிவிட்டது.

தில்லியா, சென்னையா?

அமெரிக்கர்கள் இத்தனை ஆண்டு வழக்காடிய இந்த விஷயத்தை நம் நாட்டில் வேறு மாதிரி தீர்த்தார்கள். 1935 இந்திய அரசுச் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரித்தது. ஒன்று மத்தியப் பட்டியல், ஒன்று மாகாணப் பட்டியல், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான பட்டியல். தொழிற்சாலையும் தொழிலாளர் நலனும் பொதுப்பட்டியலில் வந்தன. 1950ல் வந்த நம் அரசியல் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. தில்லியும் சட்டம் செய்யலாம், சென்னையும் செய்யலாம். இரண்டும் மோதினால் தில்லிச் சட்டம் நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கிவிட்டால் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் நிற்கும். இதுதான் அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில்.

மீதிப் பாதி, மணிக் கணக்கு. கீழே பாருங்கள்:

1911 – நாளைக்கு 12 மணி (துணி ஆலை ஆண்கள்)
1922 – நாளைக்கு 11, வாரத்துக்கு 60
1934 – நாளைக்கு 10, வாரத்துக்கு 54
1946 – நாளைக்கு 9, வாரத்துக்கு 48

1922க்கு முன்னால் 1919ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்திருந்தது. அது உலகத்துக்கு வாரம் 48 என்றது. இந்தியாவுக்கு மட்டும் 60 போதும் என்று சலுகை வைத்தது. அந்த 48 நமக்குக் கிடைக்க 1946 ஆயிற்று. அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டமும் அதே 9, அதே 48. அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் இடையில் அரை மணி ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் பத்தரை மணிக்கு மேல் போகக் கூடாது. பாடத்தில் இதெல்லாம் இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

48ஐ 6 நாளால் வகுத்தால் 8. நாம் சொல்கிற 'எட்டு மணி நேரம்' இப்படி வந்ததுதான். அதே 48ஐ 4ஆல் வகுத்தால்? 12!

பத்து நாள் வாழ்ந்த சட்டம்

2023ல் நடந்தது இந்த வகுத்தல் கணக்குதான். ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. 1948 சட்டத்தில் 65ஏ என்ற புதுப் பிரிவு. வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, இரட்டைச் சம்பளம் பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அறிவிப்பு மூலம் விலக்குக் கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம். வாரத்துக்கு 48 மாறாது, விரும்புகிறவர்களுக்கு 4 நாள் வேலை, 3 நாள் ஓய்வு என்று அரசு விளக்கம் சொன்னது. இதற்கு இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரியில், கர்நாடகம் 12 மணி வேலைக்கு இடம் கொடுத்துச் சட்டம் திருத்தியிருந்தது. முதல் எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடுமே என்ற பயம் எந்த மாநிலத்துக்கும் இருக்கத்தான் செய்யும். லங்காஷயர், வட கரோலினா, ஓசூர்! ஊர் மாறுகிறது, ஓட்டம் மாறவில்லை.

எதிர்ப்பு எழுந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்களோடு பேசிய பின் ஏப்ரல் 24ல் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். இதே சென்னையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். சரியாக நூறு வருஷம்!

நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு நல்லதுதானே என்று நம்மில் சிலர் கேட்கலாம். நானும் கேட்டேன். என் சித்தப்பாதான் பதில் சொன்னார். அவர் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் இருந்தவர். வலது கையில் இரண்டு விரல் நுனி இல்லை. "காலையில கை தானா பயப்படும்டா. சாயங்காலம் பயம் போயிடும். அன்னிக்கு எனக்குப் பதினோராவது மணி நேரம்" என்றார். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்று நாம் படிக்கிறோம். அங்கே ஒரு பட்டனைக் கட்டிப் போட்டிருந்தார்கள், உற்பத்தி வேகத்துக்காக. மெஷினுக்கு கார்டு போடலாம். களைத்த கண்ணுக்கு எந்த கார்டு போடுவது? மணி நேர வரம்புதான் அந்த கார்டு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போதைய நிலை

நண்பர்களே, நாம் படித்த 1948 சட்டம் இப்போது இல்லை. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அதில் நாளைக்கு 8 மணி என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். ஓ.டி. செய்ய தொழிலாளியின் சம்மதம் வேண்டும். கூலி இரட்டை மடங்கு. இவை நல்லவை. ஆனால் முன்பு மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். நம் பக்கத்துச் சின்னச் சின்ன ஒர்க்ஷாப்புகளை நினைத்துப் பாருங்கள். மேலும், இடைவேளை எவ்வளவு, உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை மொத்தம் எவ்வளவு என்பதை முன்பு சட்டமே சொன்னது. இப்போது அரசு அறிவிப்பில் சொல்லும். சட்டத்தை மாற்ற சபை கூட வேண்டும், விவாதம் நடக்க வேண்டும். அறிவிப்பை மாற்ற அரசிதழில் ஒரு பக்கம் போதும். ஆகவே இனி நாம் படிக்க வேண்டியது சட்டத்தை மட்டுமல்ல, அறிவிப்பையும்தான்.

அரசாங்கத்துக்கு அதிகாரம் கூடுவது நல்லதா, கெட்டதா? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். போட்டி எல்லை தாண்டி ஓடுகிறது. ஆகவே யாரும் அதற்குக் கீழே இறங்க முடியாத ஒரு தரையை நாடு முழுவதற்கும் மத்திய அரசு போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு மேலே உயர்த்திக் கட்ட மாநிலத்துக்கு உரிமை இருக்க வேண்டும். தரையைத் தோண்ட யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. தோண்ட வந்தபோதெல்லாம் தடுத்தது வெறும் காகிதம் அல்ல, கூடி நின்ற மனிதர்கள்.

முடிவாக

போன மாதம் ஒரு ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 48ஐ 6ஆல் வகுத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய் ட்ரங்க் பெட்டியிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து வந்தார். "இதுல ஓ.டி. எவ்ளோ போட்டுக்கிறான் பாரு."

பார்த்தேன். 26 மணி நேர ஓ.டி. ஒற்றைச் சம்பளம்தான் போட்டிருந்தது. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "கேட்டா நாளைக்கு கேட்டுக்குள்ள வுடுவானா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் சீட்டைத் திரும்பப் பெட்டியில் போடவும் இல்லை. "உன் புக்குலயே வை. எல்லா மாசத்துதும் தரேன், கணக்குப் போட்டு வை" என்றார். இதை எழுதும் நாள் வரை எட்டுச் சீட்டு சேர்ந்திருக்கிறது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அப்பாவும் அவரோடு லோடு ஏற்றும் நாலு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் ஜூனில் நம்மில் பலர் இந்த ரோட்டிலேயே கம்பெனி பஸ் ஏறப் போகிறோம். சிலர் சூப்பர்வைசராகி அடுத்தவருக்கு ஷிப்டு போடும் இடத்தில் உட்காரப் போகிறோம். அப்போது கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் வேலை நேர நோட்டீசை நின்று ஒரு நிமிஷம் படியுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் யாரோ கேட்டு வாங்கியது. தெரிந்துகொள்வோம்! தெரியாதவர்க்குச் சொல்வோம்!

— மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை